புகையும் அடுப்பின் குற்றம் யாது?



விறகடுப்பின் முன் குந்தியிருந்து, ஊதுகுழலால் ஊதி, கண் சிவந்து, இருமியிருமி உலை கொதிக்கும்வரை காத்திருந்த அன்னையரை நாம் எல்லோரும் அறிவோம். அந்தப் புகையை விறகின் கழிவு என்றே நாம் கருதி வந்திருக்கிறோம். உண்மையில் அது எரியாமல் தப்பிச் செல்லும் விறகே ஆகும். விறகு சூடேறும்போது அதிலிருந்து வாயுக்களும் கீலாவியும் வெளிப்படுகின்றன. அவை தீப்பற்றினால் சுவாலையாகின்றன, தீப்பற்றாவிடில் புகையாகின்றன. விறகு தரவல்ல வெப்பத்தின் பெரும்பங்கு இவ்வாயுக்களிலேயே அடங்கியிருக்கிறது. எனவே புகையும் அடுப்பு இருவகை நட்டத்தைத் தருகின்றது: வெப்பமும் போகின்றது, சுவாசப்பையும் கெடுகின்றது.

குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் இரும்பு விறகடுப்புகள் சிலவற்றில், இப்புகையைப் பிடித்து மீண்டும் எரிப்பதற்கென ஓர் உறுப்பு உண்டு. ஆங்கிலத்தில் அதனைக் கற்றலிற்றிக் கொம்பஸ்ரர் என்பர். நாம் அதனை எரியூக்கி என்று அழைப்போம். ஒருவர் பாவித்துக் கைவிட்ட அத்தகைய அடுப்பொன்றை மற்றொருவர் வாங்கியபின் அது புகையத் தொடங்கினால், குற்றம் எங்கே என்று எவ்வாறு தேடுவது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள். நம் வீடுகளில் இல்லாத ஒரு பொருளைப் பற்றி ஏன் பேசவேண்டும் என நீங்கள் வினவலாம். நம்முடைய பிள்ளைகளும் சகோதரரும் பலர் இன்று அந்நாடுகளிலே வாழ்கின்றனர். அத்தகைய ஒரு வீட்டில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சி, ஒரு குடும்பத்தின் உயிரோடு தொடர்புடையதாயிருந்தமையே இதனைப் பேச என்னைத் தூண்டியது.

என் தங்கை தன் கணவருடனும் இரு பிள்ளைகளுடனும் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் நாட்டுப்புறப் பகுதியொன்றில் வசிக்கின்றாள். மின்சாரத்தால் வீட்டைச் சூடாக்குவதற்கு ஆகும் செலவைத் தாங்க இயலாமல், மைத்துனர் பழைய விறகடுப்பொன்றை வாங்கிப் பொருத்தியிருந்தார். மார்கழி விடுமுறையில் நான் அங்கு சென்றிருந்தேன். அடுப்பின் கண்ணாடி கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. கதவைத் திறந்தபோதெல்லாம் புகை அறைக்குள் வந்தது. எவ்வளவு விறகிட்டாலும் அறை சூடாகவில்லை. ஒரு நாள் பின்னிரவு இரண்டு மணியளவில் வீட்டிலிருந்த எச்சரிக்கைக் கருவி அலறியது. அது காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவைக் கண்டுணர்ந்து ஒலிக்கும் கருவி. நிறமோ மணமோ இல்லாத அவ்வாயு, உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிட வல்லது. பிள்ளைகளைக் கம்பளியிற் சுற்றி எடுத்துக்கொண்டு உறைபனியில் வெளியே நின்றோம். தீயணைப்புப் படையினர் வந்து, வாயுவை அளந்து, வீட்டைக் காற்றோட்டமாக்கித் தந்தனர். மூத்த பிள்ளைக்குத் தலைவலி மட்டுமே. வேறு தீங்கு எதுவும் நேரவில்லை. "குற்றம் எதுவென்று கண்டு திருத்தும்வரை இவ்வடுப்பை மூட்டக்கூடாது" என்று எச்சரித்துவிட்டு அவர்கள் சென்றனர்.

மறுநாள் மைத்துனர் அடுப்பு விற்பனையாளர் ஒருவரோடு தொலைபேசியிற் பேசினார். அடுப்பைப் பாராமலே அவர் கூறிய தீர்ப்பு இது: "எரியூக்கி செத்துவிட்டது. புதிது வாங்குங்கள்." அதன் விலை பல நூறு டொலர். அடுப்புக்கே அவ்வளவு பணம் கொடுக்கவில்லை என்று மைத்துனர் தலையிற் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

எரியூக்கி என்பது யாது என்பதை இங்கு சற்று விளக்கவேண்டும். நான் கலைப் பட்டதாரி; இரசாயனத்தை முறையாகப் பயின்றவனல்லன். ஆயினும் இதன் அடிப்படை விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. 1817ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, சூடாக்கிய பிளாற்றினக் கம்பியொன்றை எரிவாயுவும் காற்றுங் கலந்த கலவையில் வைத்தபோது, சுவாலை எதுவுமின்றியே கம்பி ஒளிர்ந்ததைக் கண்டார். தான் அழியாமல், பிறபொருள்களின் இரசாயன மாற்றத்தை எளிதாக்கும் பொருள் ஊக்கி எனப்படும். ஊக்கம் என்னும் இச்செயலுக்குச் சுவீடன் நாட்டு விஞ்ஞானி பெர்சீலியசு 1835இல் பெயரிட்டார். அடுப்பின் எரியூக்கி, தேன்கூடு போலச் சிறுசிறு துளைகள் நிறைந்த ஒரு செராமிக் கட்டி. சிலவற்றில் அது உலோகத் தகட்டால் ஆனது. அத்துளைகளின் சுவர்களில் பல்லேடியம், பிளாற்றினம் முதலிய அரிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். சாதாரணமாகப் புகை முழுமையாக எரிவதற்கு ஏறக்குறைய 550 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பநிலை வேண்டும். எரியூக்கியின் துளைகளினூடாகச் செல்லும் புகையோ ஏறக்குறைய 260 பாகையிலேயே எரியத் தொடங்கிவிடும்.

1970களில் எண்ணெய் விலை உயர்ந்தபோது அமெரிக்க மக்கள் பலர் விறகடுப்பை நாடினர். மலைசூழ்ந்த பள்ளத்தாக்குகள் புகையால் நிறைந்தன. அமெரிக்காவில் ஒறிகன் மாநிலம் 1983இல் இதற்கெனச் சட்டமியற்றிற்று. 1988இல் அமெரிக்க மத்திய அரசும் புகையளவுக்கு வரம்பு விதித்தது. அவ்வரம்பு படிப்படியாக இறுக்கப்பட்டு, 2020 முதல் விற்கப்படும் புதிய அடுப்புகளுக்கு மணித்தியாலத்திற்கு 2 கிராம் அளவில் வந்து நிற்கின்றது. இவ்வரம்புகளுக்கு அடங்கும் பொருட்டே எரியூக்கி பொருத்திய அடுப்புகள் பெருகின.

இவ்வடுப்பில் புகைக்கு இரு வழிகள் உண்டு. தீ மூட்டும்போது சுற்றுவழிக் கதவத்தைத் திறந்துவைப்பர். புகை எரியூக்கியைத் தொடாமல் நேரே புகைபோக்கிக்குச் செல்லும். போதிய வெப்பம் ஏறிய பின்பு கதவத்தை மூடுவர். அதன்பின் புகை எரியூக்கியினூடாகவே செல்லவேண்டும். இதை மனத்திற் கொண்டால் பின்னர் சொல்லப்போவது யாவும் விளங்கும்.

அயலில் ஓய்வுபெற்ற பாற்பண்ணையாளர் ஒருவர் இருந்தார். எழுபதைக் கடந்தவர், முப்பது ஆண்டுகளாக இவ்வகை அடுப்பைப் பாவித்து வருபவர். நாங்கள் பட்ட அல்லலைக் கேள்வியுற்று வந்த அவர், மைத்துனர் எரியூக்கியைக் கழற்ற முற்பட்டபோது கையமர்த்தினார். "அது கடைசியாகப் பார்க்கவேண்டியது. முதலில் விறகைக் காட்டுங்கள்" என்றார். அன்று அவர் கையாண்ட ஒழுங்கை நான் குறித்துக்கொண்டேன். அதனையே இப்பொழுது உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, விறகு. கொட்டிலில் அடுக்கியிருந்த கட்டையொன்றை எடுத்துக் கோடரியாற் பிளந்து, பிளந்த உட்புறத்தில் ஈரமானியின் முட்களை அழுத்தினார். 32 சதவீதம் காட்டியது. ஈரம் 20 சதவீதத்திற்கு மேற்படலாகாது. பச்சை மரத்தின் நிறையில் ஏறக்குறைய பாதி நீரே. பிளந்து, மழைபடாமல் மேல்மூடி, பக்கங்களிற் காற்றுப்புக அடுக்கி, குறைந்தது ஆறு மாதமாவது உலரவிட வேண்டும். வைரம் பாய்ந்த மரங்களுக்கு ஓராண்டும் அதற்கு மேலும் தேவை. உலர்ந்த விறகு என்று சொல்லி விற்றவரின் சொல்லை நம்பி மைத்துனர் வாங்கியிருந்தார். கட்டையின் வெளிப்புறத்தை அளந்தால் உலர்ந்ததுபோலவே காட்டும். உள்ளேதான் ஈரம் ஒளிந்திருக்கும். ஈர விறகின் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். எரியூக்கி தேவையான சூட்டை அடையாது.

இரண்டாவது, வெப்பமானி. எரியூக்கியின் வெப்பநிலையைக் காட்டும் பொருட்டு அடுப்பின் மேற்புறத்தில் ஒரு வெப்பமானி செருகப்பட்டிருக்கும். அடுப்பு அணைந்து ஒரு நாளுக்கு மேலாகிவிட்டது. இரும்பு கைக்குச் சில்லென்றிருந்தது. ஆயினும் வெப்பமானியின் முள் 150 பாகையிலே நின்றது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முள் 260இல் நிற்கக் கண்டு மைத்துனர் நாள்தோறும் கதவத்தை மூடியபோது, உண்மையான வெப்பநிலை அதற்கு நூறு பாகைக்கு மேல் குறைவாகவே இருந்திருக்கவேண்டும். வெப்பமானி சொன்னதை நம்பியதே அவர் செய்த பிழை.

மூன்றாவது, கதவங்களும் அடைப்புகளும். அடுப்புக் கதவின் விளிம்பில் கண்ணாடிநாராலான அடைப்புக் கயிறு உண்டு. ஒரு துண்டுக் கடதாசியை இடையில் வைத்துக் கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்தல் வேண்டும். கடதாசி இறுகி நின்றால் நன்று. வழுக்கிக்கொண்டு வந்தால் கயிறு தேய்ந்துவிட்டது. சுற்றுவழிக் கதவம் நன்றாகப் படிகின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். அது நெளிந்திருந்தால் புகை எரியூக்கிக்குப் போகாமல் இடுக்கினூடாகத் தப்பிவிடும். அப்போது எரியூக்கி நல்லதாயிருந்தும் பயனில்லை. இவ்வடுப்பில் கதவின் கயிறு ஒரு மூலையில் இறுகிக் கல்லாகியிருந்தது. மிகப் பழைய அடுப்புகளின் கயிற்றில் கல்நார் கலந்திருக்கலாம். ஆதலால் அதனைத் தூசி பறக்கச் சுரண்டலாகாது. தகுதியுடைய ஒருவரைக் கொண்டே அகற்றுவித்தல் வேண்டும்.

நான்காவது, புகைபோக்கி. இதற்கெனத் தகைமை பெற்ற தொழிலாளி ஒருவர் வந்து, கிரியோசோற்று என்னும் கரிய கீற்படிவை அரை வாளி அளவு சுரண்டி எடுத்தார். இது தீப்பற்றினால் புகைபோக்கியே எரிந்து வீட்டைக் கொளுத்திவிடும். குழாய் குறுகினால் இழுவை குறையும். இழுவை குறைந்தால் வெளியே போகவேண்டிய நச்சுவாயு உள்ளே திரும்பும்.

இவை நான்கும் முடிந்த பின்னரே எரியூக்கியை வெளியே எடுத்தார். அடுப்பு முற்றாகக் குளிர்ந்த பின்பே இதைத் தொடவேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். துளைகளில் பாதிக்கு மேல் சாம்பரும் புகைக்கரியும் அடைத்திருந்தன. ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று இருந்தது. "இந்த வெடிப்புக்கு அஞ்சவேண்டாம். துண்டு துண்டாக உதிர்ந்தாற்றான் அஞ்சவேண்டும்" என்றார் கிழவர். மென்மையான தூரிகையால் தூசியை மெல்லத் தட்டினார். கம்பித் தூரிகையையோ அமுக்கிய காற்றையோ பயன்படுத்தலாகாது. அரிய உலோகப் பூச்சு உரிந்து போய்விடும்.

தூசி போயிற்று; ஆயினும் கரும்படிவு சிறிது எஞ்சியிருந்தது. அடுப்பின் கைந்நூலைப் புரட்டிப் பார்த்து, அதில் அனுமதி இருப்பதைக் கண்டபின், ஐந்தாவது வேலையை அவர் தொடங்கினார். வெள்ளை வினாகிரியும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து, பெரிய பாத்திரமொன்றில் எரியூக்கியை அமிழ்த்தி, அரைமணி நேரம் மெல்லக் கொதிக்கவைத்தார். பின்பு வடித்த நீரில் மட்டும் இருமுறை கொதிக்கவைத்துக் கழுவி, நன்றாக உலரவிட்டார். வீடு முழுவதும் புளித்த நெடி பரவிற்று. "அண்ணா, இந்த மனுசன் அடுப்புக்கு ஊறுகாய் போடுகிறாரோ?" என்று தங்கை கேட்டாள். அந்த வாரத்தில் அவ்வீட்டில் நாங்கள் சிரித்தது அப்பொழுதுதான்.

இனி, நடந்தது என்னவென்று தொகுத்துப் பாருங்கள். வெப்பமானி பொய் சொல்லிற்று. அதனால் கதவம் நேரத்தோடு மூடப்பட்டது. விறகோ ஈரம். குளிர்ந்திருந்த எரியூக்கியினூடாக எரியாத புகை நாள்தோறும் சென்று துளைகளை அடைத்தது. புகைபோக்கியிலும் படிவு ஏறிற்று. இரவில் காற்றுவாயிலைக் குறைத்துத் தீயைத் தணித்தபோது, வெளியேற வழியற்ற வாயு தேய்ந்த கயிற்றின் இடுக்கினால் அறைக்குள் வந்தது. நான்கு குற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பழி வந்து சேர்ந்ததோ எரியூக்கியின் தலையில். புதியதொன்றை வாங்கிப் பொருத்தியிருந்தால் அதுவும் சில வாரங்களில் அடைத்திருக்கும். பணமும் போயிருக்கும், ஆபத்தும் நீங்கியிராது.

புதிய வெப்பமானியும் புதிய கயிறும் பொருத்தி, அயலவர் தந்த உலர்ந்த விறகால் தீ மூட்டினோம். கதவம் திறந்தபடி முள் 260ஐக் கடக்கும்வரை பொறுத்து, அதன்பின் மூடினோம். சில நிமிடங்களில் முள் மளமளவென்று மேலே ஏறிற்று. "எரியூக்கி சிவந்து ஒளிரவில்லையே" என்று மைத்துனர் ஐயுற்றார். ஒளிர்வது கட்டாயமன்று என்றார் கிழவர். தணிந்த தீயில் அது ஒளிராமலே வேலை செய்யும். அவர் எங்களை வெளியே அழைத்துச் சென்று கூரையைக் காட்டினார். அரைமணி நேரத்திற்கு முன் சாம்பல் நிறமாகத் திரண்டெழுந்த புகை மறைந்து, வெண்ணிற நீராவி மட்டும் சிறிது எழுந்து காற்றிற் கரைந்தது. எரியூக்கி உயிரோடிருக்கிறதா என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆனால், எரியூக்கி உண்மையிலேயே பழுதாவதும் உண்டு. துளைச் சுவர்கள் உதிர்ந்தாலும், பூச்சு உரிந்தாலும், உலர்ந்த விறகும் சரியான சூடும் நல்ல அடைப்பும் இருந்து, துப்புரவாக்கிய பின்பும் புகை குறையாவிட்டாலும், புதியது வாங்கத்தான் வேண்டும். முறையாகப் பாவித்தால் ஆறு குளிர்காலத்திற்கு மேலும் அது உழைக்கும். முறைதவறினால் இரண்டு ஆண்டுகளிலேயே அழிந்துவிடும். அதனை அழிப்பவை எவை? வர்ணம் பூசிய பலகை, மருந்தூட்டிய மரம், பிளாத்திக்கு, நிறக் கடதாசி, கடலில் மிதந்து வந்த உப்பேறிய கட்டை ஆகியவை. இவற்றிலிருந்து எழும் ஈயம், நாகம் முதலியவற்றின் ஆவிகளும் உப்பும் பூச்சைச் செயலறச் செய்கின்றன. அடுப்பு கனன்றுகொண்டிருக்கும்போது ஈரக் கட்டையை எறிந்தால், திடீர்க் குளிர்ச்சியால் செராமிக் வெடிக்கும். ஏறக்குறைய 900 பாகைக்கு மேல் சூடு ஏறவிட்டாலும் அது கெடும். அடுப்புக் கதவைத் திறக்குமுன் சுற்றுவழிக் கதவத்தைத் திறக்கவேண்டும் என்பதையும் மறத்தல் கூடாது; மறந்தால் புகை முகத்தில் அடிக்கும்.

பாவித்த அடுப்பை வாங்க எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. பின்புறத்திற் பதித்த உலோகத் தகட்டில் தரச்சான்று இருக்கின்றதா, கைந்நூல் கிடைக்குமா, உள்தகடுகள் நெளிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். எரியூக்கியை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த வகைக்குப் புதிய எரியூக்கி இன்னும் விற்பனையில் உள்ளதா, விலை என்ன என்று விசாரித்து, அந்த விலையையும் கூட்டிக் கணக்கிடுங்கள். பொருத்தியபின் தகைமையுடையவரைக் கொண்டு பரிசோதிப்பியுங்கள். காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியின்றி ஓர் இரவுகூட உறங்காதீர்கள். எரிபொருள் அடுப்புள்ள வீடுகளில் அக்கருவி இருக்கவேண்டும் என்று ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டம் நடைமுறையில் உள்ளது. அச்சட்டம் இல்லாதிருந்தால், மைத்துனர் அதை வாங்கியிருப்பாரோ என்பதை நானறியேன். எங்களை அன்று எழுப்பியது அந்தச் சிறு கருவிதான்.

நம் நாட்டு அடுக்களையில் எரியூக்கி இல்லை. ஆயினும் நாம் பெறக்கூடிய பாடம் உண்டு. மழைக்காலத்திற்கு முன்பே விறகைப் பிளந்து கூரையின் கீழ் உலரவைப்போம். தீ எளிதிற் பற்றவேண்டுமென்று பொலித்தீன் பையைக் கொளுத்தி அடுப்பு மூட்டும் வழக்கத்தை இன்றோடு விடுவோம். கனடாவில் எரியூக்கியின் உலோகத்தையே கெடுக்கும் குப்பை, அடுப்பருகில் அமர்ந்திருக்கும் தாயின் சுவாசப்பையை விட்டுவைக்குமா? அடுக்களையின் மேற்பலகணியைச் சாக்கு வைத்து அடைக்காமல், புகை போக வழி விடுவோம்.

பல ஆண்டுகளாகப் பாடசாலையில் இருப்பவன் என்ற முறையில் இன்னொன்றும் என் நினைவுக்கு வருகின்றது. வகுப்பில் ஒரு பிள்ளை பின்தங்கினால், "இவனுக்கு மூளை இல்லை" என்று சொல்லிவிடுவது எளிது. கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரிகின்றதா, காலையில் அவன் உண்டு வந்தானா, வீட்டில் விளக்கு இருக்கின்றதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது கடினம். நானும் எளிய தீர்ப்பைச் சொல்லியவன்தான். அத்தகைய பிள்ளைகள் சிலரின் பெயர்கள் இன்றும் என் நினைவில் உண்டு. அந்தப் பாற்பண்ணையாளர் எரியூக்கியைக் கடைசியாகத்தான் எடுத்தார். அந்த ஒழுங்கை நான் அடுப்போடு விட்டுவிட்டு வரவில்லை.